அபர்டீன் ஜன்னலில் காந்தாரி

1

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது. போன மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமையோடு அது முடிந்துபோனது. யாரும் ரத்து செய்யவில்லை. கடிதமும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு அந்த உரிமை தானாகவே காலாவதியாகும் என்பது விதி. அன்று இங்கே, வட பிரிட்டனில் இருக்கும் அபர்டீனில், காலை முழுவதும் தூறல். நான் வழக்கம்போல ஏழு ஐம்பது பேருந்தில் வேலைக்குப் போனேன்.

முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது பழைய பழக்கம். கொட்டாரத்துக்காரனான நான், நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதினோரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய செய்திகளை வெட்டுவது ஒரு வேலை. அதில் தவறு போய்விட்டால் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் கீழ்மூலையில் ‘பிழை திருத்தம்’ எழுதுவது இன்னொரு வேலை. ஸ்டெல்லா மார்த்தாண்டத்துக்காரி, செவிலியர். அவளுக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது நானும் மூன்று வயது மகள் ஆன்சியும் கூடவே வந்தோம். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நகராட்சி அலுவலகத்தின் தபால் அறையில் கடிதம் பிரிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டெல்லாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாத விடுப்பில் ஸ்டெல்லா போனாள். அம்மா ஓராண்டு படுக்கையில் கிடந்து இறந்தார். அதன் பிறகும் அவள் திரும்பவில்லை. கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. நாற்பதாம் நாள் பூசை. பிறகு வீட்டு ஓடு மாற்றும் வேலை. பிறகு மழை. நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. தினமும் போனில் பேசினோம். தேதியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இது காந்தாரி மிளகாய் நாற்று வளர்த்ததைப் பற்றிய குறிப்பு. இவ்வளவையும் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

2

தொடக்கம் ஜனவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மதியம், அவளுக்கு இருட்டும் நேரம். போனில் அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“என்ன தின்னுத?”

“மரச்சீனிக் கெழங்கு அவிச்சது. காந்தாரியும் உப்பும் உள்ளியும் வச்சுச் சதைச்சிருக்கு. மணம் அங்க வருதா?”

“நானும் இங்க காந்தாரி வச்சுக் காய்க்க வைக்கப் போறேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. “நீங்களா? மூணு வருசம் நான் அந்த ஜன்னல்ல வச்சுப் பாத்தாச்சு. நூலு மாதிரி எழும்பும், நூலு மாதிரியே சாஞ்சு செத்துப் போவும். மறந்து போச்சா?”

“நான் வச்சா காய்க்கும்.”

“அங்க காந்தாரி காய்ச்சுதுன்னா, மறுநாளே டிக்கெட் போட்டு நான் வந்து நிக்கேன். போருமா?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்டெல்லாவின் விளையாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘நீ கணக்குப் பரீட்சையில் தேறினால் என் முடியை வெட்டிக்கொள்கிறேன்’ என்று ஒருமுறை ஆன்சியிடம் பந்தயம் கட்டினாள். முடிவு வந்த அன்று மாலை, இடுப்புவரை இருந்த முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். எனவே நான் அன்றே நாட்காட்டியை எடுத்தேன். ஆகஸ்ட் இரண்டாவது வெள்ளிக்கு முன் அவள் வந்து இறங்கினால் உரிமை பிழைக்கும். எனக்கு ஏழு மாதம் இருந்தது.

காந்தாரியைத் தெரியாத வாசகர்களுக்கு: விரல் நுனி அளவே இருக்கும் மிளகாய். காரம் அளவுக்கு அடங்காது. மற்ற மிளகாய்கள் கீழே தொங்கும். காந்தாரி வானத்தைப் பார்த்து நிற்கும். எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் விதைப்பதில்லை. பறவை தின்று எச்சமிட்ட இடத்தில், கிணற்றடியிலோ வேலியோரத்திலோ தானாக முளைத்து நிற்கும். வேண்டியபோது பறித்துக்கொள்வார்கள். விதையிலிருந்து எப்படி வளர்ப்பது என்று ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்காததற்கு இதுதான் காரணம். கொட்டாரத்தில் விவசாயம் செய்யும் என் அண்ணனிடம் கேட்டேன். “அது காக்காய்க்குள்ள வேலையில்லா?” என்று போனை வைத்துவிட்டார்.

விதைக்கு முதலில் சமையலறை அலமாரியைத் தேடினேன். ஸ்டெல்லா விட்டுப்போன கண்ணாடிக் குப்பியில் காந்தாரி வற்றல் இருந்தது. இருபது விதை எடுத்து ஊறவைத்து விதைத்தேன். மூன்று வாரமாகியும் மண் அசையவில்லை.

“எந்தக் குப்பி?” என்றாள் ஸ்டெல்லா. “நீல மூடியா? ஐயோ, அது மோருல உப்புப் போட்டு ஊற வச்சு ஒணக்கினதுல்லா! கருவாட்டக் கொண்டு கடல்ல விட்டா நீந்துமா?”

அந்த வாரம் முழுவதும் அவள் என்னை அழைத்த பெயர் ‘கருவாட்டு விவசாயி’.

பிறகு அவளே கிணற்றடிச் செடியிலிருந்து விதை எடுத்துத் தாளில் மடித்துத் தபாலில் அனுப்பினாள். விதை வரவில்லை. அதைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. நடுவதற்கான விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, ஆகவே பொருள் அழிக்கப்பட்டது என்று மூன்று வரி. கடிதங்களோடு வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தெளிவான, மரியாதையான மூன்று வரிகள். மேல்முறையீட்டுக்கு ஒரு முகவரியும் இருந்தது. அழிக்கப்பட்ட விதைக்கு மேல்முறையீடு செய்து என்ன பெறுவது என்று அதில் இல்லை.

கடைசியில் அவளுடைய பழைய அஞ்சறைப்பெட்டியில், பெருஞ்சீரகத்துக்கு அடியில், உப்புப் படாமல் காய்ந்த காந்தாரி நான்கு கிடைத்தது. உள்ளே நாற்பத்தொரு விதை. இனிமேல் வேறு வழி கிடையாது.

3

பிப்ரவரியில் இங்கே காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். நாலரை மணிக்கு இருட்டிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் கழுவாத பால்பாத்திரத்தின் நிறத்தில் ஒரு வானம். இது பதினெட்டு ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இருபது விதையை ஒரே தட்டில் நெருக்கமாக விதைத்தேன். அறையைச் சூடாக்கச் சுவரில் பொருத்தியிருக்கும் வெந்நீர்ச் சூடேற்றியின் மேல் தட்டை வைத்தேன். பதினாறாம் நாள் பத்து முளை வந்தது. அன்றே அட்டையை மடித்து, நான்கு குச்சி நட்டு, அவற்றுக்கு மேலே ஒரு கூரை போட்டேன்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இந்தத் தவறைப் புரிந்துகொள்வார்கள். கத்திரி, மிளகாய் எந்த நாற்றுப் பாத்தியானாலும் மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடாமல் நாங்கள் விட்டதில்லை. பந்தல் இல்லாவிட்டால் பங்குனி வெயில் ஒரே மதியத்தில் பாத்தியைப் பொசுக்கிவிடும். முளை வந்தால் நிழல் போடு, காலை மாலை தண்ணீர் தெளி. இந்த இரண்டு வேலையும் யோசனையைக் கேட்காமல் கை தானாகச் செய்வது. என் கை அபர்டீனில் அதைச் செய்தது.

முளைத்த மூன்றாம் நாள் நாற்றுகள் மூன்று விரற்கடை உயரம் வந்தன. குறிப்பேட்டில் உயரத்தை எழுதி ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நிறம் எப்படி?” என்றாள். செவிலியர் கேள்வி.

“கொஞ்சம் வெளுப்பு.”

“தண்டு?”

“மெலிசுதான்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ம்ம்,” என்றாள்.

எட்டாம் நாள் பத்தும் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிச் சாய்ந்திருந்தன. உச்சியில் இரண்டு வித்திலை, கீழே வெள்ளை நூல். தீக்குச்சி நட்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மொய்ரா. நகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயது இருக்கும். என் பெயருக்கு வந்த கடிதம் அவள் பெட்டியில் விழுந்திருந்தது. கொடுக்க வந்தவள் தட்டைப் பார்த்தாள்.

“அதற்கு எதற்குக் கூரை?”

“வெயிலிலிருந்து காப்பாற்ற,” என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மதியம் இரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. “எந்த வெயில்?” என்று கேட்டுவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் நானும் சிரித்தேன். அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

அந்தப் பத்தும் அந்த வாரமே செத்தன.

4

மொய்ரா தன் சமையலறையில் தக்காளி வளர்க்கிறாள். ஒரு எல்இடி விளக்கை எனக்கு இரவல் கொடுத்து, செய்ய வேண்டியதைச் சொன்னாள். இந்த ஊரில் நாற்று நூலாவதற்குக் காரணம் பட்டினி இல்லை, தேடல் என்றாள். வெளிச்சம் போதாத செடி தண்டைத் தடிக்க வைக்காமல், இருக்கிற சத்தையெல்லாம் உயரத்தில் போட்டு வெளிச்சத்தைத் தேடும். அடியில் சூடும் தண்ணீரும் இருந்தால் இன்னும் வேகமாக ஓடும். நான் மூன்றையும் செய்து கொடுத்திருந்தேன்.

இரண்டாம் முறை, மீதியிருந்த இருபத்தொரு விதையையும் மார்ச் நடுவில் விதைத்தேன். சிறிய தொட்டிக்கு இரண்டு விதை. முளைக்கும்வரைதான் சூடு. முதல் பச்சை தெரிந்த அன்றே சூடேற்றியிலிருந்து இறக்கி, குளிர்ந்த பின்னறைக்கு மாற்றினேன். விளக்கை நாற்றின் தலைக்கு நாலு விரற்கடை உயரத்தில் கட்டினேன். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும், இடைவெளி மாறக் கூடாது. காலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கி இரவு எட்டுக்கு அணையும்படி ஒரு கடிகார சுவிட்ச். மேல்மண் காய்ந்து வெளுத்தால் மட்டும் தண்ணீர், அதுவும் அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விடுவது. ஒரு தொட்டியில் இரண்டு முளைத்தால் ஒன்றைக் கத்தரித்துவிடுவது.

மொய்ரா கடைசியாகச் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. தினமும் இரண்டு முறை நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட வேண்டும். அசைவை உணர்ந்தால் காற்றடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு தண்டு உறுதிப்படும். நான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊரிலிருந்து வந்தவன். ஆடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க முடியும். அங்கே காற்று செடிக்கு ஏதோ செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. வெயிலும் காற்றும் கேளாமலே கிடைத்த இடத்தில், அவற்றை நாங்கள் தடுப்பதற்கு மட்டுமே கற்றிருந்தோம்.

ஒன்பது முளைத்தது. ஏப்ரலில் ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடைதான் உயரம். கரும்பச்சை, தண்டு பென்சில் முனையளவு தடிப்பு. வேலைக்குப் புறப்படும் முன் ஒரு தடவல், வந்ததும் ஒரு தடவல். அந்த மாதங்களில் நான் தொட்ட உயிருள்ள பொருள் அவை மட்டும்தான். இதை ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கும் தகவல் போய்க்கொண்டிருந்தது. முதலில் கேலி செய்தாள். ஐந்தாவது இலை வந்த செய்திக்கு “கொள்ளாம்” என்று பாராட்டினாள். பிறகு ஒருநாள், நான் கேட்காமலே சொன்னாள்.

“அம்மைய பாக்கும்போதுதான் தெரிஞ்சுது, ஒவ்வொரு தெருவுலயும் ஒராள் படுக்கையில கெடக்கினும். புண்ணு கழுவ ஆளில்ல. நான் இப்பம் காலையில ஸ்கூட்டர எடுத்துட்டு ஆறு வீடு போறேன்.”

“சம்பளம்?”

“ஒரு டிரஸ்டுகாரங்க ஏதோ தாறாங்க. அத விடுங்க. இங்க ரோட்டுல எறங்கினா நாலு பேரு என்னைப் பேரு சொல்லி விளிக்கினும். அங்க பதினாறு வருசத்துல பேரு சொல்லி விளிச்சது நீங்க ஒராளுதான்.”

நான் ஒரு தொட்டியைத் திருப்பி வைத்தேன்.

“நீங்க இங்க வாருங்களேன்,” என்றாள்.

“வந்து?”

நான் வேலை பார்த்த பதிப்பு மூடப்பட்டுவிட்டது. ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. இவை காரணங்கள். உண்மை அதைவிடச் சின்னது. பேருந்தில் ஏறி, கடிதம் பிரித்து, வீட்டுக்கு வந்து விளக்கைப் பார்ப்பது என்ற ஒழுங்குக்கு வெளியே நான் யாராக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

5

ஆன்சி மான்செஸ்டரில் கடைசி ஆண்டு படிக்கிறாள். ஈஸ்டருக்கு இரண்டு நாள் வந்தாள். வீட்டில் நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்து இதுதான் ஏற்பாடு. எப்போதாவது தமிழ் வந்தால் நான் திருத்துவேன். திருத்தித் திருத்தித்தான் அது நின்றுபோனது என்று ஸ்டெல்லா சொல்வாள்.

பின்னறையில் விளக்கின் வெளிச்சத்தில் ஒன்பது தொட்டி, சுவரில் உயர அட்டவணை, நாட்காட்டியில் ஆகஸ்ட் வெள்ளியைச் சுற்றிச் சிவப்பு மை. ஆன்சி எல்லாவற்றையும் வாசித்தாள். அவளுக்கு அம்மாவின் பந்தயம் தெரிந்திருந்தது.

“காய்த்தால் வந்துவிடுவாள்,” என்றேன்.

அவள் ஒரு நாற்றின் தலையைத் தடவினாள். நான் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்க வேண்டும்.

“அம்மா வராது, அப்பா,” என்றாள். தமிழில். “எங்கிட்ட சொல்லியாச்சு. உங்ககிட்ட சொல்ல பயம் அதுக்கு.”

வராது, அதுக்கு. நான் திருத்தவில்லை.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்து, சிவப்பு மை வட்டத்தை அப்படியே விட்டேன். ஒன்பதில் தடிப்பான ஒன்றைத் தேர்ந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மற்ற எட்டையும் மொய்ராவிடம் கொடுத்தேன். அவள் பேருந்துப் பணிமனையில் பங்கிட்டுக் கொடுத்தாளாம். இந்த நகரத்தின் எட்டு ஓட்டுநர் வீடுகளில் இப்போது மார்த்தாண்டத்துக் கிணற்றடி நிற்கிறது. காரம் எவ்வளவு என்று நான் எச்சரித்ததை அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு ஸ்டெல்லா செடியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜூனில் பூ வந்தது. நானும் சொல்லவில்லை.

6

ஜூலைக் கடைசி ஞாயிறு, காலை எட்டு மணி. அங்கே மதியம். பூசைக்குப் போய்விட்டு வந்து சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்டது. வானிலை பேசினோம், ஆன்சியின் பரீட்சை பேசினோம். பிறகு அவளாகவே கேட்டாள்.

“செடி கெடக்கா, போச்சா?”

“காய்ச்சிருக்கு.”

கரண்டிச் சத்தம் நின்றது. “எத்தன?”

“ஏழு.”

பாத்திரத்தை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்பம் டிக்கெட் போடணும்,” என்றாள். குரலில் கோபமில்லை. மருந்துச் சீட்டை உரக்க வாசிப்பது போன்ற குரல். “சொன்னா சொன்னதுதான். ஆறு வீட்டுக்கும் வேற ஆளு பாக்கணும். வியாழக்கிழமைக்கு இருக்கான்னு பாக்கேன்.”

நான் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றேன். அப்போது அவள் பக்கத்தில் கேட் திறக்கும் சத்தமும், ஒரு பெண்ணின் குரலும் வந்தன.

“ஸ்டெல்லாக்கா, அப்பாக்கு டியூப்பு கழண்டு போச்சு. ஒண்ணு வருவியளா?”

“இன்னா வாறேன் மக்கா! நீ போயி வெந்நி போடு, நான் வண்டிய எடுத்துட்டு வாறேன். பயப்படாத, கேட்டியா!”

அப்படிப் பேசிய ஸ்டெல்லா வேறு ஒரு பெண். நான் மணந்துகொண்ட காலத்தில் மார்த்தாண்டம் சந்தையின் இரைச்சலுக்கு மேலே கேட்ட குரல். இங்கே வந்து சில ஆண்டுகளில் அது எப்போது தாழ்ந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை.

அவள் போனுக்குத் திரும்பினாள். சாவியைத் தேடும் சத்தம்.

“நான் போணும். ஒண்ணு சொல்லுங்க. காயி எப்படி நிக்குது? மேல பாத்தா, கீழ பாத்தா?”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செடி முழங்கை உயரம், தண்டு என் சுண்டுவிரல் தடிப்பு. ஏழு காய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

“கீழ பாத்துதான்,” என்றேன்.

“ஏழுமா?”

“ஏழும்.”

நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. “அப்பம் அது காந்தாரியே இல்ல! கடையில வாங்கின வத்தலு ஏதாவது பெட்டியில கலந்திருக்கும். பத்திரிகைக்காரரு தோத்துட்டியரு.”

“தோத்துட்டேன்.”

“கருவாட்டு விவசாயி,” என்றாள், சிரிப்பும் வேறெதுவோ கலந்து. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை போனை அணைக்க அவளுக்கு நினைவில்லை.

தேதி கடந்துவிட்டது. இனி இதைச் சொல்வதால் யாரும் டிக்கெட் போட வேண்டியதில்லை. இந்தக் குறிப்பு வெளியாகும் இதழ் மார்த்தாண்டத்தில் அவள் வீட்டுக்கும் வருகிறது என்பதால், கீழ்மூலையில் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

பிழை திருத்தம்: ஜூலைக் கடைசி ஞாயிறன்று, அபர்டீனில் காய்த்த மிளகாய்கள் கீழ்நோக்கி இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. ஏழும் வானத்தைப் பார்த்தே நின்றன.

இதன் முடிவில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று சேர்ப்பது பத்திரிகை வழக்கம். இங்கே அதைச் சேர்க்கவில்லை.